புதன்கிழமைத் தண்ணீர்

புதன்கிழமை காலை பத்து மணி. மகாராஜ நகர் வீட்டு ஹாலில், எட்டடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு நின்றுகொண்டிருந்தாள் ஜெமிமா. அவளுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த தாணுமாலையன் இந்த வருடத்தில் நூறாவது தடவையாக அதையே சொன்னார்.

"இது தாமிரபரணித் தண்ணிம்மா. சாகக் கெடக்கவனுக்கு ரெண்டு மடக்கு குடுத்தா எந்திரிச்சு உக்காருவான். இதுல போயி ஒரு மீனுக்கு நோவு வருமா?"

ஜெமிமா தொட்டியின் அடியில் கிடந்த திருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் திருக்கை இல்லை, தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் நன்னீர்த் திருக்கை. அரிசி புடைக்கிற சுளகு அளவு வட்ட உடம்பு, பழுப்பு நிறம், முதுகெல்லாம் ஆரஞ்சு வட்டங்கள், வாலில் ஒரு முள். சுகமாக இருக்கும் திருக்கை மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கும். நீந்தினால் உடம்பின் ஓரம் மெல்ல அலையடிக்கும். இதன் ஓரமோ மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. அப்படிச் சுருண்டால் தண்ணீர் அதற்கு ஆகவில்லை என்று அர்த்தம். ஒன்றும் செய்யாமல் விட்டால் செத்துப்போகும்.

என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். மஞ்சள். அமோனியா துளியும் இல்லை. மற்றதெல்லாமும் சரி. வெப்பம் இருபத்தேழு டிகிரி. குளோரினை முறிக்க ஹைப்போ உப்பு போட்டிருக்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது, மீன் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சோதனைக் குழாயைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்தாள்.

அவள் சுபாவமே அதுதான். கோபம் மூக்குநுனியில் இருக்கும். வாயைத் திறந்தால் "சரிங்க" என்றுதான் வரும்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் பாளையங்கோட்டை சமாதானபுரம். வயது நாற்பத்திரண்டு. வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்து, ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வகத்தில் பதினாறு வருடம் உதவியாளராக இருந்தாள். பிள்ளைகள் என்ன உப்பு என்று கண்டுபிடிக்கவேண்டிய பொடிகளைப் பொட்டலம் போட்டு வைப்பது, உடைந்த பிப்பெட்டுக்கு யார் காரணம் என்று எழுதி வைப்பது, இதுதான் வேலை. சில புது ஆசிரியர்களுக்கே அவள்தான் பின்னால் நின்று விடை சொல்வாள். கரோனா முடிந்து கல்லூரி திறந்ததும் கூப்பிட்டு, "உங்க போஸ்ட் இப்ப இல்லைம்மா" என்றார்கள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வந்ததற்காக மூன்று மாதம் தன்னைத்தானே திட்டித் தீர்த்தாள். கணவர் ஷிபின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். போனில் அவரும், "கேட்டிருக்கலாம்லா?" என்று ஒரு நாள் கேட்டார். அதற்கும் "சரிங்க, விடுங்க" என்றாள்.

அந்த மூன்று மாதத்தில்தான், சென்னையிலிருந்து ஒரு மீன் வியாபாரி மூலம், உள்ளங்கை அளவில் ஒரு திருக்கைக் குட்டி அவளிடம் வந்தது. பெட்டியைத் திறந்தபோது, பொரித்த அப்பளம் ஒன்று தண்ணீரில் மிதப்பது போலிருந்தது. அப்பளம் என்றே பெயர் வைத்தாள். அதற்குத் தண்ணீர் சுத்தமாக இருந்தாகவேண்டும், இரை நேரத்துக்குக் கிடைத்தாகவேண்டும், இரண்டில் எது தவறினாலும் அடுத்த நாளே முகத்தைக் காட்டிவிடும். பதினாறு வருடம் ஆய்வகத்தில் செய்ததை இப்போது ஒரு மீனுக்காகச் செய்தாள். இரண்டு வருடத்தில் அப்பளம் தாம்பாளமாகி, சுளகுமாகிவிட்டது. அவள் கையை உள்ளே விட்டால் ஓடிவந்து விரலுக்கு மேல் படுத்துக்கொள்ளும்.

அதற்குள் அவள் குடியிருந்த மாடி வீட்டுக்காரர், "தொட்டி கனத்துக்குத் தரை விரிஞ்சிரும், எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார். "சரிங்க" என்றாள்.

அப்போது டாக்டர் வீடு, நகைக்கடை என்று நாலைந்து இடங்களில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஆரம்பித்திருந்தாள். அதில் ஒருவர்தான் தாணுமாலையன். ஓய்வுபெற்ற சார்பதிவாளர். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் பத்திரத்தில் பதிவானது மாதிரி, பிறகு அதில் திருத்தமே கிடையாது. புது வீடு கட்டி, வடகிழக்கு மூலையில் தண்ணீர் இருந்தால் நல்லது என்று எவரோ சொல்லக்கேட்டு, ஹாலில் அந்த ராட்சதத் தொட்டியை வைத்திருந்தார். விட்ட மீன்களெல்லாம் வரிசையாகச் செத்துப்போயிருந்தன. ஜெமிமா தன் திருக்கையை அவருக்குச் சும்மாவே கொடுத்தாள். தண்ணீரும் இரையும் அவள் சொல்படிதான் நடக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. அவரும் தலையாட்டினார். முதுகில் பொற்காசு மாதிரி வட்டங்கள் இருந்ததால் அதற்கு மகாலட்சுமி என்று பெயர் வைத்தார்.

தலையாட்டியது தலையாட்டியதோடு சரி.

அவர் வீடு சுத்த சைவம். வெங்காயமே சில நாட்களில் அந்த வாசலைத் தாண்டாது. திருக்கையோ இறால், மீன்துண்டு, மண்புழு தவிர வேறெதையும் மோந்துகூடப் பார்க்காது. முதல் வாரமே ஜெமிமா போனபோது தொட்டிக்குள் அரை இட்லி ஊறிக் கிடந்தது. தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியிருந்தது.

"மல்லிப்பூ மாதிரி இட்லி ஜெமிமா. அது தொடவே மாட்டேங்கு" என்றார் தாணுமாலையன் மனைவி வடிவம்மாள், உண்மையான வருத்தத்தோடு.

"அக்கா, அது இட்லி தின்னாது. தின்னாதது அழுகும். அழுகினா அமோனியா. அமோனியா அதுக்கு விஷம்" என்றாள் ஜெமிமா. இந்த நாலு வாக்கியங்களை அந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்பதற்கு அளவே கிடையாது.

பிறகு கார் ஷெட்டில் ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கி வைத்து இறாலை அதில் போட்டார்கள். ஆனால் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் ஆகிய நாட்களில் அந்த ஃப்ரீசரைத் திறக்கக்கூடாது என்று தாணுமாலையன் சட்டம் போட்டார். அப்படிப் பார்த்தால் மாதத்தில் பாதி நாள் மீனுக்கு விரதம். வால் ஆரம்பிக்கும் இடத்தில் இடுப்பெலும்பு இரண்டும் புடைத்துக்கொண்டு வந்தன. ஜெமிமா களக்காட்டு வாழைத்தோப்பு ஒன்றிலிருந்து மண்புழு வரவழைத்து, விரத நாளில் அதைப் போடலாமா என்று கேட்டாள். மண்புழு சைவமா அசைவமா என்று கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில், "அது மண்ணைத்தான் திங்குது, ரத்தங்கித்தம் பாக்கதில்ல. வெள்ளிக்கிழமை போடலாம். பிரதோஷத்துக்கு மட்டும் வேண்டாம்" என்று தீர்ப்பானது. ஜெமிமா அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை இதற்கு நேர்மாறு. விருந்தாளிகள் வருவார்கள். மகாலட்சுமி சாப்பிடுகிற அழகைப் பார்க்கவேண்டும் என்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு காட்சி. பத்து இறால், பதினைந்து இறால். திங்கட்கிழமை சோதனைக் குழாய் பச்சைப்பசேல் என்று இருக்கும். அவள் ஓடிவந்து பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவாள்.

இப்படியே ஒருவழியாக இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டாள். புதன்தோறும் பாதித் தண்ணீரை மாற்றுவாள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர்தான். கெடுதல் எது வந்தாலும் தண்ணீர் மாற்றினால் தீரும் என்பதுதான் அவள் கண்ட வைத்தியம். அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

இந்தப் பங்குனியில்தான் அது பொய்த்தது. ஓரம் சுருள ஆரம்பித்தது. புதனோடு சனியும் தண்ணீர் மாற்றினாள். இன்னும் சுருண்டது. வடிகட்டியைப் பிரித்துக் கழுவினாள், இறாலை நிறுத்திப் புழுவை மட்டும் போட்டாள். அப்பளம் புழுவையும் விட்டுவிட்டது. அவள் கையை உள்ளே விட்டால் ஓடி வருகிற மீன், இப்போது மூலையில் கிடந்து அவளைப் பார்த்தது. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து அழுதேவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "யாரும் தவறிட்டாவளாம்மா?" என்று கேட்டார். ஒரு மீனுக்காக என்று அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

வைகாசியில் அவளுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. தண்ணீர் மாற்ற ஆளில்லை. போனால் மீனைக் குப்பைத்தொட்டியில்தான் தேடவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பதினோராம் நாள் போனாள்.

அப்பளம் நன்றாக இருந்தது. ஓரம் விரிந்திருந்தது. கையை விட்டதும் வந்து விரலின்மேல் படுத்தது. இரண்டு புழு தின்றது.

ஜெமிமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கையோடு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனாள். மறுநாள் வடிவம்மாள் போன் செய்தார்.

"ஜெமிமா, மறுபடியும் அப்பளமாட்டம் சுருண்டுட்டுதே!"

அவள் மீனுக்கு வைத்த பெயர் வடிவம்மாளுக்குத் தெரியாது. போனைப் பிடித்த கையோடு ஜெமிமா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த இரண்டு மாதமும் ஆகாததைக் குழாயில் பிடித்து அந்தத் தொட்டியில் விட்டது வேறு யாருமில்லை. அவளேதான். மீன் நோகநோக இன்னும் அதிகமாக விட்டிருக்கிறாள்.

அன்றைக்கே போய் மொட்டைமாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே வெயில் விழுந்ததும் தளதளவென்று ஐந்து செப்புக் குடங்கள் மின்னின. தொட்டியின் அடியில் வரிசையாக, புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு பெரிய செப்புத் தாம்பாளம் வேறு.

"அது பங்குனி உத்திரத்தன்னைக்குப் போட்டது" என்றார் பின்னால் ஏறி வந்த வடிவம்மாள். "எங்க அம்மை வீட்டுச் சீரு. செம்புல பட்ட தண்ணிதான் உடம்புக்கு நல்லதுன்னு அவ்வோ சொன்னாவ. குடிக்கது, குளிக்கது எல்லாம் அதுலதான். வெள்ளிக்கு வெள்ளி எடுத்துப் புளி போட்டு விளக்கித் திரும்பப் போடுதோம். பாரு, என்ன பளபளப்பு!" சொல்லும்போதே மணிக்கட்டில் கிடந்த செப்புக் காப்பையும் தூக்கிக் காட்டினார். மூட்டுவலிக்காக அவ்வோ, அதாவது தாணுமாலையன், வாங்கிக் கொடுத்ததாம்.

புளி போட்டு விளக்கிய செம்பு. மேலே படிந்த களிம்பெல்லாம் போய்ப் புதுச் செம்பு வாரம்தோறும் தண்ணீரில் கரைகிறது. ஆற்றுத் தண்ணீரோ மென்மையான தண்ணீர். அதில் செம்பு சீக்கிரம் கரையும், மீனைச் சீக்கிரம் தாக்கும். மனிதர்களைப் பதம் பார்க்காத அளவே திருக்கைக்கு எமன். பத்து நாள் தண்ணீர் மாற்றாமல் கிடந்தபோது, கரைந்திருந்த செம்பு மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் மீன் தேறியது. இதெல்லாம் ஜெமிமாவுக்குப் பாடம். பதினாறு வருடம் செம்பு உப்பைப் பொட்டலம் கட்டியவள் செம்பை மட்டும் சோதிக்காமல் விட்டாள். வெயிலில் நின்றுகொண்டு தன் நெற்றியில் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டாள். வடிவம்மாள் பயந்துபோனார்.

ஆனால் வாயால் சொன்னால் தாணுமாலையன் நம்புவாரா? அவள் அந்தக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்துக் காலையிலிருந்து மாலைவரை வற்ற வைத்தாள். ஒரு குடம் ஒரு கரண்டியாகச் சுண்டியது. அதில் அமோனியாக் கரைசலை நாலு சொட்டு விட்டாள். வெளிர்நீலம் படர்ந்தது. கல்லூரியில் பிள்ளைகள் செம்பு உப்பைக் கண்டுபிடித்துக் கைதட்டுவார்களே, அதே நீலம். சந்தேகம் வேண்டாம் என்று சமாதானபுரத்துப் போர்த் தண்ணீரையும் ஒரு குடம் வற்ற வைத்துப் பார்த்தாள். அதில் நிறம் வரவில்லை. இரண்டையும் இரண்டு சின்ன பாட்டிலில் அடைத்து, மறுநாள் காலை மகாராஜ நகர் போனாள். பத்து மாதச் சம்பளம் வாங்கியது போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

தாணுமாலையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டிலையும் பார்த்தார்.

"இதுல என்ன ஊத்துன?"

"அமோனியா அண்ணாச்சி. செம்பு இருந்தா நீலமாகும்."

"அமோனியாதான மீனுக்கு வெஷம்? நீதானம்மா ரெண்டு வருசமாச் சொல்லுத?"

"ஆமா, அது வேற..."

"வெஷத்தை நீ ஊத்திட்டு நெறம் மாறிட்டுங்க. அப்பம் அது அமோனியாக் குத்தமா, செம்புக் குத்தமா?"

ஜெமிமா இரண்டு பாட்டிலையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அண்ணாச்சி, கொடத்தை எடுக்கவேண்டாம். மீனுக்கு மட்டும் கீழ இருந்து தனியா ஒரு குழாய் இழுத்துக் குடுங்க. அது போதும்."

"இந்த வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே தண்ணிதான். அந்தச் செம்புத் தண்ணியைத்தான் நாங்களும் குடிக்கோம். எனக்குச் சுகர் கொறைஞ்சிருக்கு. மகாலட்சுமி என்ன, எங்களவிட ஒசத்தியா?"

பதிவாகிவிட்டது. இனித் திருத்தம் இல்லை.

அவள் என்ன சொல்லவேண்டுமோ அதெல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில்தான் நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டரில் வைத்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

அடுத்த மூன்று வாரம் பட்ட பாடு சொல்லி மாளாது. தண்ணீர் மாற்றினால் செம்பு. மாற்றாவிட்டால் அமோனியா. ஸ்கூட்டரில் இருபது லிட்டர் கேன்களில் போர்த் தண்ணீரைச் சுமந்தாள். ஒரு நடைக்கு இரண்டு கேன். ஆயிரத்தைந்நூறு லிட்டர்த் தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? இடுப்புதான் போனது. நடுவில் ஒரு ஞாயிறு விருந்தாளிகள் வந்து, தின்னாத மீனுக்குப் பன்னிரண்டு இறால் போட்டு வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடி பிறந்தபோது அப்பளத்தின் ஓரம் முழுக்கச் சுருண்டு, முதுகில் வெள்ளையாகச் சளி படிந்திருந்தது.

தாணுமாலையனே போன் செய்து வரச்சொன்னார். அவர் முகம் இருண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை வீட்டுல பூசை வச்சிருக்கு. அதுக்குள்ள இது போயிட்டுன்னா நல்லாருக்காது. மகாலட்சுமின்னு பேரு வேற வச்சுத் தொலச்சிட்டேன். நீ எடுத்துட்டுப் போயிரும்மா. ஒன் கையால எங்கனயாவது வச்சுக்கிடு."

ஜெமிமாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, "சரிங்க அண்ணாச்சி" என்றாள். அவள் வாழ்க்கையில் மனதாரச் சொன்ன முதல் சரிங்க அதுவாகத்தான் இருக்கும்.

மாடி வீட்டில் வைக்க முடியாது. சமாதானபுரத்தில் அவள் சித்தப்பா நேசையா இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், தனிக்கட்டை. பின்பக்கம் போர் போட்ட காலத்தில் கட்டிய பழைய சிமென்ட் தொட்டி ஒன்று, எட்டுக்கு ஐந்தில், உபயோகமில்லாமல் கிடந்தது.

"திருக்கையா? எம் பொண்டாட்டி இருந்திருந்தா மீன்புட்டு வச்சிருப்பா" என்றார் நேசையா.

"சித்தப்பா!"

"சும்மா சொன்னேம்ட்டி. கொண்டா, கொண்டா. மேல ஓலை போட்டுத் தாரேன்."

அவளே மீனைப் பிடித்தாள். வால் முள்ளுக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, தண்ணீருக்குள்ளேயே அகலத் தொட்டியில் ஏற்றி, லோடு ஆட்டோவில் பின்னால் கூடவே உட்கார்ந்து, காற்றடிக்கும் பேட்டரிக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தன் வீட்டுச் சின்னத் தொட்டிகளில் பழகிய வடிகட்டிப் பஞ்சுகளைப் பிடுங்கிக் கொண்டுவந்து சிமென்ட் தொட்டியில் வைத்தாள். ஊர் உப்புத் தண்ணீர் என்று முகம் சுளிக்கும் அந்தப் போர்த் தண்ணீரில் தினமும் பாதியை மாற்றினாள். எட்டாம் நாள் ஓரம் விரிந்தது. பதினோராம் நாள் ஒரு புழு. மூன்றாம் வாரம் காலையில் ஆறு புழு, சாயங்காலம் நாலு இறால். விரதம் கிடையாது, விருந்தாளியும் கிடையாது. இடுப்பெலும்பு மூடிக்கொண்டது. நேசையா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டியோரமாகவே செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார்.

ஜெமிமா செய்த ஒரே தப்பு, அப்பளம் அவள் கையிலிருந்து இறால் வாங்குகிற வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேசையா வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. தாணுமாலையன் வெள்ளை வேட்டியில் இறங்கினார். பட்டுச்சேலையில் வடிவம்மாள்.

"மகாலட்சுமியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்" என்றார் தாணுமாலையன். முகமெல்லாம் சிரிப்பு. "பத்தரைக்குள்ள வீட்டுக்குள்ள வந்திரணும். நாளு பாத்திருக்கேன்."

ஜெமிமா கையில் புழு டப்பாவோடு நின்றாள். "அண்ணாச்சி, மாடித் தொட்டியில இருந்து கொடத்தை எடுத்தாச்சா?"

"அதை எதுக்கு எடுக்கணும்? இது கொஞ்ச நாளு வெளிய இருந்து வந்ததுலா, அதான் சரியாயிட்டு. எடம் மாத்துனா யாருக்கும் சரியாவும்."

சொல்லிக்கொண்டே கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே புத்தம்புதுச் செப்பு அண்டா ஒன்று. ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிது. வாயைச் சுற்றிப் பூச்சரம். உள்ளே பாதிக்குத் தண்ணீர்.

"மீனுக்குன்னே வாங்குனது ஜெமிமா" என்றார் வடிவம்மாள் ஆசையாக. "நேத்தே புளி போட்டு நல்லா விளக்கிட்டேன். போற வழியில அதுக்கு நோவக்கூடாதுல்லா."

ஜெமிமா அந்த அண்டாவைப் பார்த்தாள். இரண்டு வருடம் தொண்டை கிழியச் சொன்னது, ஒரு குடம் தண்ணீரை ஒரு கரண்டியாக வற்ற வைத்தது, இடுப்பொடியக் கேன் சுமந்தது எல்லாம் அந்தப் பூச்சரத்துக்கு நடுவில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

வாயைத் திறந்தாள். சரிங்க என்று வந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"தர மாட்டேன் அண்ணாச்சி."

"என்னது?"

"தர மாட்டேன்."

தாணுமாலையன் முகம் சிவந்தது. "நீ எனக்குக் குடுத்ததும்மா இது. குடுத்தது குடுத்ததுதான்."

"திரும்ப எடுத்துட்டுப் போன்னு நீங்கதான் சொன்னிய."

"அது சாகப்போவுதுன்னுல்லா சொன்னேன்!"

"ஆமா அண்ணாச்சி. சாகதுக்குக் குடுத்திய. சாகல. அதனால இனி இது எங்கிட்டதான் இருக்கும்." அதோடு நிறுத்தவில்லை. "அந்த அண்டாவுல விட்டியன்னா, மகாராஜ நகர் போய்ச் சேரும்போது இது செத்திருக்கும். நான் எத்தன தடவை சொன்னேன்? ஒரு தடவையாவது கேட்டியளா? படிச்சது நான். பாத்தது நான். கேன் சொமந்து இடுப்பு போனது எனக்கு. எம் பேச்சை நீங்க ஒரு தடவை கேக்கல."

நேசையா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். செய்தித்தாளை மடித்தார்.

தாணுமாலையன் டிக்கியை அடித்துச் சாத்தினார். உள்ளே அண்டா கணீரென்று ஒலித்துத் தண்ணீர் சிந்தியது. "வடிவு, வண்டியில ஏறு" என்று சொல்லிவிட்டுத் தானே போய் உட்கார்ந்துகொண்டார்.

வடிவம்மாள் ஏறவில்லை. ஓலைக்குக் கீழே குனிந்து சிமென்ட் தொட்டியைப் பார்த்தார். திருக்கை ஓரத்தை அலையலையாக அசைத்துக்கொண்டு, ஆள் வந்த பக்கம் நீந்தி வந்தது.

"என்னமா வருது பாரேன்" என்றார் வடிவம்மாள். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார். "ஜெமிமா, ஒரே ஒரு தடவை நான் ஊட்டட்டா? புழுதான? வெள்ளிக்கிழமை பரவாயில்ல."

இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் புழுவைத் தொட்டதில்லை. ஜெமிமா டப்பாவை நீட்டினாள். வடிவம்மாள் கண்ணை இறுக்கிக்கொண்டு இரண்டு விரலால் ஒன்றை எடுத்தார், பட்டுச்சேலையை இடுப்பில் செருகினார், கையைத் தண்ணீருக்கு மேல் கொண்டுபோனார்.

"அக்கா, நில்லுங்க" என்றாள் ஜெமிமா. "கையில செப்புக் காப்பு."

ஒரு காப்பு பட்டு அந்தத் தொட்டியில் ஒன்றும் ஆகிவிடாது. அது ஜெமிமாவுக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னாள். இரண்டு வருடம் அவர்கள் கேட்காமல் விட்ட அத்தனையும் சேர்ந்து சொல்ல வைத்தது.

வெளியே கார் ஹாரன் அடித்தது. வடிவம்மாள் மணிக்கட்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எங்க வீட்டுல மூணு தலைமுறையா என்று ஆரம்பிக்கவில்லை. புழுவை டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டு, காப்பைச் சுழற்றிச் சுழற்றி எலும்பைத் தாண்டிக் கழற்றி, ஜெமிமாவின் ஈரக்கையில் வைத்தார்.

"இப்பம் சரியா?" என்றார்.

ஜெமிமா தலையை ஆட்டினாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. வடிவம்மாள் புழுவை எடுத்து, அவசரப்படாமல், பையத் தண்ணீருக்குள் கையை விட்டார்.